மான்குட்டியா, சோளன் பயிரா?



தாயை இழந்த ஆட்டுக்குட்டிக்குப் போத்தலில் பாலூட்டி வளர்க்கும் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தம்பிலுவிலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வயலும் வளவும் உள்ள வீடுகளில் இது புதுமையான காட்சியன்று. பிள்ளை அந்தக் குட்டிக்கு ஒரு பெயர் வைக்கும். தான் உண்ணும் சோற்றில் ஒரு பிடியை அதற்கென்று ஒதுக்கும். பாடசாலை விட்டு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு அதனிடமே ஓடும். அந்தக் குட்டி வளர்ந்த பின் என்ன ஆகும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடனும், அடுத்த போகத்துக்கு வாங்க வேண்டிய உரமும் அந்த ஆட்டின் விலையில் அடங்கியிருக்கின்றன என்பதை எவரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

பெரியவர்கள் அறிந்ததும் பிள்ளை அறியாததுமான அந்த இடைவெளியைப் பற்றியே ஓர் அமெரிக்க எழுத்தாளர் ஒரு முழு நாவலை எழுதியிருக்கிறார். மார்ஜரி கின்னன் ரோலிங்ஸ் என்ற அப்பெண்மணியின் ‘த இயர்லிங்’ என்னும் நாவல் 1938ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1939இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1946இல் கிரெகரி பெக் நடிக்கத் திரைப்படமாகவும் அது வந்தது. ‘இயர்லிங்’ என்றால் ஒரு வயது நிறைந்த கன்று அல்லது குட்டி என்று பொருள். திருவிவிலியத்தை வாசிக்கும் நமக்கு இச்சொல் அந்நியமானதன்று. எகிப்திலிருந்து புறப்படும் முன்னர் இஸ்ரயேலர் பாஸ்காவுக்காகத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்ததும் ஒரு வயது நிறைந்த குட்டியையே என்று விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. பால்குடி மறந்து, முழு வளர்ச்சி அடையாத இடைப்பட்ட பருவம் அது. நாவலின் தலைப்பு மானை மட்டுமன்றி அதை வளர்த்த பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் குறிக்கிறது.

காட்டின் நடுவே ஒரு திட்டி

ரோலிங்ஸ் அம்மையார் நகரத்தில் பிறந்து பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். 1928ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் குரொஸ் கிரீக் என்ற சிற்றூரில் தோடந்தோட்டம் ஒன்றை வாங்கிக் குடியேறினார். அயலிலிருந்த காட்டுக் குடியானவர்களோடு தங்கி, அவர்களுடைய வேட்டையையும் வேளாண்மையையும் பேச்சையும் கற்றுக்கொண்டார். அந்த மக்களின் வாழ்க்கையிலிருந்தே இந்த நாவல் பிறந்தது. கதை நிகழும் நிலம் இன்று ஓகாலா தேசிய வனத்துக்குள் இருக்கிறது. நாவலின் பெயரைத் தாங்கிய நடைபாதை ஒன்றும் அங்கே உண்டு.

கதையில் வரும் பாக்ஸ்டர் குடும்பம் வாழும் இடத்தைத் தீவு என்கிறார்கள். கடல் சூழ்ந்த தீவன்று அது. வறண்ட புதர்க்காட்டின் நடுவே பயிர் விளையத்தக்க மண் உள்ள மேட்டு நிலம். நம் வயல் மக்கள் திட்டி என்று சொல்லும் மேட்டைப் பெரிதாக எண்ணிக்கொண்டால் ஏறக்குறைய அது புலப்படும். காலம் 1870ஐ அண்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குகொண்டு திரும்பிய பெனி பாக்ஸ்டர் என்ற சிறிய உருவமுள்ள, மென்மையான மனிதர், மனிதரின் ஆரவாரத்திலிருந்து விலகி வாழ விரும்பி அங்கே குடியேறியவர். அவருடைய மனைவி ஓரா பிள்ளைகள் பலரை அடுத்தடுத்து மண்ணுக்குக் கொடுத்தவள். இனி ஒன்றை நேசித்தால் அதையும் இழக்க நேரிடுமோ என்ற அச்சத்தால் இறுகிப்போன மனம் அவளுடையது. அவர்களுக்கு எஞ்சிய ஒரே மகன் ஜோடி.

அயல் வீடு பல மைல் தொலைவில். கடை அதனினும் தொலைவில். உணவு என்றால் விதைப்பதும் வேட்டையாடுவதும்தான். அவர்களுடைய முதன்மையான பயிர், நாம் சோளன் என்று சொல்லும் அதே தானியம். மனிதருக்கு ரொட்டியும், குதிரைக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனியும் அதுவே. ஒரு போகம் தவறினால் அந்த வருடம் முழுவதும் பட்டினி. சாகாமம், கஞ்சிகுடிச்சாறுப் பக்கங்களில் வயல் செய்து, கதிர் முற்றும் காலத்தில் யானைக்குப் பயந்து இரவெல்லாம் காவல் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓர் உயிருக்கு ஓர் உயிர்

காணாமற்போன பன்றிகளைத் தேடிச் சென்ற பெனியை வழியில் நச்சுப் பாம்பு தீண்டிவிடுகிறது. அதே வேளையில் புதருக்குள் நின்ற பெண்மான் ஒன்றை அவர் சுடுகிறார். அதன் ஈரலை எடுத்துக் கடிவாயில் வைத்து நஞ்சை உறிஞ்சச் செய்கிறார். அக்கால நாட்டு வழக்கம் அது. மகன் ஜோடி, தங்களோடு பகைத்திருந்த அயலவர் வீட்டுக்கு மழையில் ஓடி உதவி கேட்கிறான். வைத்தியர் வருகிறார். மரணத்தின் வாயிலிலிருந்து தந்தை மீள்கிறார்.

தந்தை பிழைத்தார் என்ற மகிழ்ச்சியின் நடுவே சிறுவனின் உள்ளத்தை வேறொன்று உறுத்துகிறது. அந்தப் பெண்மானின் அருகில் புள்ளிகள் மாறாத குட்டியொன்று நின்றதை அவன் பார்த்திருந்தான். தம் உயிருக்காகத் தாயை எடுத்துக்கொண்டு குட்டியைப் பட்டினியில் விடுவது நன்றிகெட்ட செயல் அல்லவா என்று அவன் கேட்கிறான். தந்தையால் மறுக்க முடியவில்லை. சிறுவன் காட்டுக்குச் சென்று குட்டியைத் தூக்கி வருகிறான். வீட்டுக்குச் செலவு வரக்கூடாது என்பதற்காகத் தன் பங்குப் பாலையே அதற்குக் கொடுக்கிறான். வெண்கொடியைப் போல் வாலை உயர்த்தி ஓடுவதால் ‘ஃபிளாக்’ என்று அதற்குப் பெயர். அப்பெயரை வைத்தவன் ஜோடியின் ஒரே நண்பன். உடற்குறையோடு பிறந்து, விலங்குகளைத் தோழர்களாகக் கொண்டிருந்த அந்தச் சிறுவன், குட்டியைத் தன் கண்ணால் காணும் முன்னரே இறந்துவிடுகிறான். இவ்வாறு நன்றியும் நட்பின் நினைவும் ஒன்றாய்க் கலந்து அந்த மான்குட்டி அவனுக்குக் கிடைக்கிறது.

குட்டி வளர்கிறது. அதோடு தொல்லையும் வளர்கிறது. வசந்தத்தில் நாற்றுகளை மிதிக்கிறது. முளைத்து வந்த சோளனைத் தின்றுவிடுகிறது. அதே நாட்களில் மரக்கட்டையொன்றைப் பெயர்க்க முயன்ற பெனி உடல் முறிந்து படுக்கையில் விழுகிறார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனியே நின்று மறுபடி சோளனை விதைக்கிறான். வேலியை உயர்த்துகிறான். உள்ளங்கை கிழிய உழைக்கிறான். மானோ அந்த உயர்ந்த வேலியையும் ஒரே பாய்ச்சலில் கடந்து இரண்டாம் முறை முளைத்ததையும் மேய்ந்துவிடுகிறது. படுக்கையிலிருந்த தந்தை, மானைக் காட்டுக்குக் கொண்டுசென்று சுட்டுவிடும்படி மகனிடமே சொல்கிறார்.

அவனால் முடியவில்லை. இறுதியில் கணவனின் சொற்படி தாய் சுடுகிறாள். அவளுக்குக் குறிபார்க்கத் தெரியாததால் மான் காயத்தோடு துடிக்கிறது. அந்தத் துடிப்பை முடித்துவைக்கும் கடமை சிறுவனின் கையிலேயே விழுகிறது.

குற்றவாளி இல்லாத துயரம்

இவ்விடத்தில் உங்களில் பலருக்கு நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசருக்குச் சொன்ன உவமை நினைவுக்கு வரும். சாமுவேல் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். ஏழை ஒருவனிடம் ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் உணவிலும் அவன் கிண்ணத்திலும் பங்குபெற்று, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு மகளைப் போலவே அது வளர்ந்தது. ஏராளமான மந்தைகளை உடைய செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்காக அந்த ஒன்றையே பறித்துச் சமைத்தான். தாவீது சினந்தெழுந்தார். அந்தச் சினம் நியாயமானது. அங்கே குற்றவாளி இன்னார் என்று விரல் நீட்ட முடிகிறது.

தமிழிலும் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனின் வளர்பருவத்தைச் சொல்லும் நாவல் உண்டு. பெருமாள்முருகன் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கூளமாதாரி’ அது. கொங்கு நாட்டில் கடனுக்காகப் பண்ணையத்தில் விடப்பட்ட கூளையன் மேய்க்கும் ஆடுகளில் ஒன்றேனும் அவனுடையதன்று. அவன் உழைப்பும் அவனுடையதன்று. அங்கும் விரல் நீட்டலாம். சாதியும் கடனும் அவனுடைய பிள்ளைப் பருவத்தைப் பறித்தன என்று சொல்லலாம்.

ரோலிங்ஸ் எழுதிய கதையில் செல்வன் இல்லை; கொடியவனும் இல்லை. தந்தை மென்மையானவர். தாயின் கடுமைக்குப் பின்னால் கல்லறைகள் இருக்கின்றன. மான் தன் இயல்புப்படி மேய்ந்தது. சிறுவன் தன் இயல்புப்படி நேசித்தான். இருந்தும் மான் இறந்தது. இதுவே தாங்குவதற்கு மிகக் கடினமான துயரம். யார்மீதாவது பழியைச் சுமத்தினால் நெஞ்சின் பாரம் சற்றுக் குறையும். ஜோடியும் அதையே செய்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்தவர் தந்தையே என்று கூவி, அவரை வெறுப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டை விட்டு ஓடுகிறான். எழுந்து பின்தொடர முடியாத தந்தையின் காதில் அந்தச் சொல் விழுகிறது.

பசி கற்பித்தது

ஓடிப்போனவன் பழைய தோணி ஒன்றில் ஆற்றிலும் ஏரியிலும் அலைகிறான். உண்ண எதுவும் இல்லை. சில நாட்களில் மயங்கிக் கிடந்தவனைத் தபால் படகுக்காரர் காப்பாற்றிக் கரையில் இறக்கிவிடுகின்றனர். இங்கேதான் நாவலின் உயிர் இருக்கிறது. அதுவரை அவன் உண்மையான பசியை அறிந்தவனல்லன். வீட்டில் உணவு குறைந்த நாட்கள் இருந்தன. ஆனால் அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை என்றும் குறைந்ததில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகத் தந்தை எத்தனை இரவுகள் கணக்குப் போட்டார் என்பது அவனுக்குத் தெரியாது. இப்போது வயிற்றுக்குள் புகுந்த நெருப்பு அதை அவனுக்குச் சொல்லித் தருகிறது. தாய் எதற்கு அஞ்சினாள், தந்தை எதைக் காப்பாற்ற முனைந்தார் என்பது ஒரே கணத்தில் அவனுக்கு விளங்குகிறது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனையும் பசியே தெளிவித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பன்றிகளின் தீனியைக்கூட உண்ண முடியாத நிலையில்தான் அவன் அறிவு தெளிகிறான். தந்தையின் வீட்டில் கூலியாட்களுக்கும் உணவு மிஞ்சுவதை நினைக்கிறான். இருவருக்கும் இடையே வேறுபாடும் உண்டு. இளைய மகன் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு இன்பம் தேடிச் சென்றவன். ஜோடி வெறுங்கையோடு, காயப்பட்ட அன்போடு சென்றவன். ஆயினும் திரும்பி வந்தபோது இருவருக்கும் கிடைத்தது ஒன்றே. வாசலில் விசாரணை இல்லை.

பெனி அடுப்பங்கரையில் அமர்ந்திருக்கிறார். மகனைக் கண்டதும் அவர் முகம் மலர்கிறது. மகனை இழந்துவிட்டோமோ என்ற ஏக்கத்தில் நாட்களைக் கழித்தவர் அவர். அவன் சொன்ன கடுஞ்சொல்லை நினைவூட்டவில்லை. இனிச் சிறுவனல்ல என்று கண்டு, ஒரு மனிதனிடம் பேசுவதுபோல் அவனிடம் பேசுகிறார். வாழ்க்கை மனிதனைப் பலமுறை கீழே தள்ளும் என்பதையும், தானும் அப்படி விழுந்தவன் என்பதையும், மகனுக்கு அந்த நாள் வரக்கூடாது என்று இயன்றவரை ஒத்திவைத்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஜோடி மறுநாளைய வேலைகளைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். நாவலின் தொடக்கத்தில், ஊற்றோரம் ஓலைக்கீற்றால் சிறிய நீர்ச்சக்கரம் செய்து மணிக்கணக்கில் பார்த்துக் களித்தவன் அவன். திரும்பும் வழியில் அதே இடத்தில் மறுபடி ஒன்றைச் செய்து பார்க்கிறான். அது சுழல்கிறது, அவன் மனம் சுழலவில்லை. அதைத் தட்டிவிட்டு வீடு நோக்கி நடக்கிறான்.

நம் வீடுகளில்

இக்கதையை நான் உங்களுக்கு எடுத்துரைப்பது மான்குட்டிக்காகக் கண்ணீர் விடுவதற்கு மட்டுமன்று. பெனி பாக்ஸ்டர் நல்ல தந்தை. ஆனால் அவருடைய நன்மையிலேயே ஒரு குறை ஒளிந்திருந்தது. மகன் விளையாடட்டும், கவலை அறியாமல் இருக்கட்டும் என்று வறுமையை அவனிடமிருந்து மறைத்து வைத்தார். சோளன் முளையின் பெறுமதி என்ன என்பது அவனுக்கு முழுமையாகத் தெரிந்திருந்தால், தந்தையின் கட்டளை அவனுக்குத் துரோகமாகத் தோன்றியிராது. வலி இருந்திருக்கும், வெறுப்பு வந்திராது.

நம் கரையோர ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் இத்தகைய வெறுப்பை ஓசையின்றிச் சுமக்கிறார்கள். மத்திய கிழக்கு நாட்டுக்கு வேலைக்குச் சென்ற தாய் தன்னை விட்டுப் போனாள் என்று ஒரு மகள் எண்ணுகிறாள். அவள் அனுப்பும் பணத்தில் எவ்வளவு கடனுக்குப் போயிற்று, எவ்வளவு தன் படிப்புக்கு வந்தது என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூத்தவனின் படிப்பை நிறுத்தி வயலுக்கு அனுப்பிய தகப்பனை, அவன் பல ஆண்டுகள் கழிந்தும் மன்னிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்த காலையில், இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து மற்றப் பிள்ளையின் கையை நழுவவிட்ட பெற்றோர் இருக்கிறார்கள். அங்கும் குற்றவாளி இல்லை. ஆனால் பேசப்படாத காரணத்தால், தப்பிய பிள்ளை தன்னையோ பெற்றோரையோ குற்றவாளியாக்கிக்கொள்கிறது.

ஆகவே சில சிறிய காரியங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளின் முன்னிலையில் பேசுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மூடை நெல்லின் விலையும் ஓர் அந்தர் உரத்தின் விலையும் தெரிந்திருப்பதில் தவறில்லை. அதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல், உங்கள் பொறுப்பில் அதற்கும் ஒரு பங்கு கொடுப்பதுபோலச் சொல்லுங்கள்.

வளர்ப்பு விலங்கை விற்க வேண்டி வந்தால் பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரம் பார்த்து விற்காதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அண்டிய நாட்களில் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் ஆடு மாடுகளுக்கு நல்ல விலை உண்டு. அந்த விலைக்காகவே பலர் வளர்க்கிறார்கள், அதில் பழுதில்லை. நம் முஸ்லிம் சகோதரர்கள் அந்நாளில் நினைவுகூர்வது, நாமும் விசுவாசத்தின் தந்தை என்று போற்றும் ஆபிரகாமின் கீழ்ப்படிதலையே. நேசித்த ஒன்றைக் கையளிப்பது எத்தனை பாரமானது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட ஏற்ற தருணம் ஏது? கயிற்றை அவிழ்க்கும்போது பிள்ளையும் அருகில் நிற்கட்டும். அழுதால் அழவிடுங்கள். ஓர் ஆட்டுக்காகவா அழுகிறாய் என்று நகைக்காதீர்கள். நேர்மையாளர் தம் கால்நடைகளின் உயிரையும் பேணுவர் என்று நீதிமொழிகள் நூல் 12ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. விலங்குகளுக்கு இரக்கம் காட்டுவது மனிதனின் கடன் என்றும், அவற்றை உணவுக்கும் உழைப்புக்கும் பயன்படுத்துவது தகும் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு இழுக்கு என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது. இம்மூன்றையும் ஒருங்கே புரிந்துகொள்ளும் பிள்ளை, அந்த அளவில் வளர்ந்துவிட்டது எனலாம்.

கடினமான வேலையைப் பிள்ளையின் தலையில் தனியே சுமத்தாதீர்கள். பெனி படுக்கையில் இருந்தார். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. நமக்குப் பெரும்பாலும் வழி உண்டு. பிள்ளை முடிக்க வேண்டிய காரியம் எதுவாயினும் பக்கத்தில் ஒருவர் நிற்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் அப்பாவோ அம்மாவோ எடுத்த ஒரு முடிவு உங்களைக் காயப்படுத்தியிருக்கலாம். அந்த முடிவை எடுத்த இரவில் அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குத் திருப்தி தராமலும் போகலாம். ஆயினும் கேட்ட பின்பு அவர்கள் உங்களுக்கு அந்நியராகத் தோன்றமாட்டார்கள்.

வீட்டில் சினந்து சொல்லப்பட்ட வார்த்தைகள் எத்தனையோ. ஒருவர் வெளியேறியிருக்கலாம், ஒருவர் பேசாதிருக்கலாம், ஒருவர் தொலைபேசியை எடுக்காமலிருக்கலாம். அவர் திரும்பி வரும் நாளில் முதற்கேள்வி சாப்பிட்டாயா என்பதாகவே இருக்கட்டும். மற்றக் கேள்விகள் மறுநாள் விடியும்வரை பொறுத்திருக்கும்.